புயல் உடைக்காத கைப்பிடி

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. போன வாரம் போனில் இருமிக்கொண்டே பேசினாயே, அது நின்றதா, மாப்பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று முதலில் பதில் போடு. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம்தான், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, எனக்குத்தான் ஏறிக் கிடக்கிறது, அதற்குக் காரணம் உப்பு இல்லை, நகராட்சி. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார், இதை அவர் காதுபடச் சொல்ல முடியாது, அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன். கையெழுத்து கோழி கிளறினதுபோல இருந்தால் பொறுத்துக்கொள்.

கடற்கரைப் பூங்கா விஷயம்தான். புயலில் தடுப்புச்சுவரும் நடைபாதையும் போனது உனக்குத் தெரியும், நீ இங்கிருந்து கிளம்பின வருஷம். அதற்கு அரசாங்கப் பணம் வருகிறது வருகிறது என்று மூன்று வருஷம் சொன்னார்கள், கடைசியில் வந்தே விட்டது. சுவர் கட்டினார்கள், பாதை போட்டார்கள், விளக்கும் பெஞ்சும் வைத்தார்கள். எல்லாம் முடிந்து ஏழு மாதம் கேட்டில் பூட்டு தொங்கியது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் தினமும் அரைமணி நேரம் சமதரையில் வண்டி வராத இடத்தில் நடக்கச் சொல்கிறாள், அப்படி ஒரு இடம் இந்த ஊரில் அந்தப் பூங்கா ஒன்றுதான். ரோட்டில் நடந்தால் பைக்கில் வருகிறவன் உரசிக்கொண்டு போகிறான். அதனால் அவர் வீட்டுக்குள்ளே ஃபிரிட்ஜிலிருந்து ஜன்னல் வரைக்கும் பதினொரு அடி, திரும்ப ஃபிரிட்ஜ் வரைக்கும் பதினொரு அடி. பார்க்கிற எனக்குத் தலை சுற்றுகிறது, நடக்கிற மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

வேலை முடிகிற சமயத்தில் அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ரோடு மேட்டில் இருக்கிறது, பாதை கீழே இருக்கிறது, இடையில் இருந்த படியைக் கடல் கொண்டுபோய்விட்டது, இப்போது இறங்க, படிக்குப் பக்கத்தில் இருந்த சரிவு மட்டும்தான். அந்தச் சரிவில் முன்பு பச்சைக் கைப்பிடி இருக்குமே, அதைக் காணவில்லை. கைப்பிடி இல்லாமல் அப்பாவால் இறங்க முடியாது, அவர் பாரத்தைத் தாங்கி இறக்க என்னாலும் முடியாது. பொறுப்பு எஞ்சினியரிடம் போனேன், அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் வாய்தா, எதைக் கேட்டாலும் அடுத்த வாரம் என்பார். அவர் சொன்னதைக் கேள். புயலுக்கு ஒரு மாதம் முன்னால் வண்ணம் அடிப்பதற்காக நகராட்சியே அந்தக் கைப்பிடியைக் கழற்றிக் கிடங்கில் வைத்ததாம். பணம் வந்திருப்பது புயல் சேதத்துக்கு மட்டுமாம். "அது புயல்ல உடைஞ்சிருந்தா பிரச்சினையே இல்லம்மா, உடனே புதுசு போட்டிருப்போம்" என்கிறார். நான் கிடங்குக்கே போய்ப் பார்த்தேன், புது வண்ணத்தோடு சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. மாட்டுகிற கூலியை எந்தச் செலவில் எழுதுவது என்று கணக்கில் தலைப்பு இல்லையாம். நான் பணம் அனுப்புகிறேன் என்று உடனே ஆரம்பிக்காதே, அதையும் கேட்டுவிட்டேன், அரசாங்க இடத்தில் தனியார் ஒரு ஆணி அடிக்கக்கூடாதாம்.

அதற்குத்தான் மனு போட்டோம். கைப்பிடி இல்லாமல் பூங்காவைத் திறந்தால் யாராவது விழுவார்கள், மாட்டிவிட்டுத் திறக்கவும் என்று நான் எழுதினேன், அப்பா கையெழுத்துப் போட்டார். வலது கை வராமல் போன பிறகு இடது கையால் அவர் போட்ட முதல் கையெழுத்து அதுதான், போட்டுவிட்டு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார். ஆனால் வாய்தாவுக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஏன் திறக்கவில்லை என்று யார் கேட்டாலும் அந்த மனுவை எடுத்துக் காட்டினார், பொதுமக்களே ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்றார். தெருவில் எல்லார் கோபமும் எங்கள் மேல் திரும்பியது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கையில் கொடுத்துக்கொண்டே "ஒருத்தருக்காக ஊரே வெளியில நிக்கணுமாம்மா" என்றார். அதோடு இந்த மாதக் கடைசிக்குள் திறந்து அறிக்கை அனுப்பாவிட்டால் பராமரிப்புக்கு வர வேண்டிய மிச்சப் பணம் திரும்பிப் போய்விடும், பிறகு விளக்கும் எரியாது, காவலாளியும் இருக்கமாட்டான், பூட்டு பூட்டாகவே இருக்கும் என்றார்கள். மனுவைத் திரும்பப் பெற்றால் மறுநாளே திறக்கிறோம் என்றார் வாய்தா.

பாப்பா, நான் திரும்பப் பெற்றுவிட்டேன். அப்பாவைக் கேட்கவில்லை. அவர் மத்தியானம் தூங்கும்போது சமையலறையில் உட்கார்ந்து எழுதி அவர் கையெழுத்தை நானே போட்டேன், அவர் மாதிரி வர வேண்டும் என்று நானும் இடது கையால் போட்டேன். முதல் தடவை அவர் போட்டதைவிட அழகாக வந்துவிட்டது, அதைக் கிழித்துவிட்டு இன்னும் கோணலாக இன்னொன்று போட்டேன். வெட்கமாக இருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. அலுவலகத்தில் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, சீல் வைத்துவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்று வாசலில் மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். கைப்பிடி வராமல் திறக்க முடியாது என்று நம்பியிருந்த மனுஷன், திறக்கிறார்கள் என்றதும் கைப்பிடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். தானே முகம் மழித்துக்கொண்டார், மோவாயில் இரண்டு இடத்தில் வெட்டு. சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று செருப்பு மாட்டிவிடும் வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். கேட்டில் போய் நின்றோம். மொட்டைச் சரிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் வாய்தா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நீங்க பெரிய மனசு பண்ணி மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டதாலதான் இன்னைக்குத் திறக்க முடிஞ்சுது" என்றார். அப்பா "பரவாயில்லைங்க" என்றார். தையல்காரம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். நாங்கள் வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டோம்.

மறுநாள் நான் கைப்பிடிக்காக மறுபடி போய் நின்றேன். "பூங்கா நல்லா நடக்குதேம்மா, இனிமே எதைப் பழுதுன்னு காட்டிப் பணம் கேக்கறது" என்கிறார் அந்த வாய்தா. பூட்டியிருந்தபோது பூட்டின பூங்காவுக்கு எதற்குச் செலவு என்றார்கள், திறந்த பிறகு இப்படி. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பியை வாங்கிக்கொண்டு, "கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேனே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசையும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், போனில் பூங்காவைப் பற்றி நீயாக எடுக்காதே, அவரே சொல்லுவார். நான்கு நாளாக ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் புது மனு எழுதிக்கொண்டிருக்கிறார், இதுவரைக்கும் மூன்று வரி ஆகியிருக்கிறது. நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, "நீ எழுதினது போதும்" என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா