வெள்ளிக்கிழமை விடுமுறை

பாய்,

இன்றைக்கும் மறந்துபோய் நூலகத்துக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை. கதவில் பூட்டு. மழை பிடித்துக்கொண்டதால் கூரை விளிம்பில் ஒதுங்கி நின்றேன். நனைந்த ஸ்வெட்டரிலிருந்து கம்பளி வாடை எழும்பியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க நாம் இரண்டு பேரும் அந்த வாடையோடுதானே உட்கார்ந்திருந்தோம்.

அப்போது நான் வேலை பார்த்த ஹோட்டலைச் சாத்தியிருந்தார்கள். மலைக்கு ஆளே வராத காலம். சீசன் வரட்டும், கூப்பிடுகிறோம் என்றார்கள். வீட்டில் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் ஸ்டெல்லா அன்றைக்கே அவள் அண்ணனுக்குப் போன் போடுவாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, சாமான் செட்டைக் கட்டிக்கொண்டு கன்னிவாடிக்கு இறங்க வேண்டும். மச்சான் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்து, மச்சான் கடையில் மூட்டை தூக்கி, மச்சான் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும். அந்த மனுசனை உங்களுக்குத் தெரியாது. அதனால் அட்டுவம்பட்டியிலிருந்து தினமும் டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறவன் மாதிரியே கிளம்பி வந்தேன்.

வந்து எங்கே உட்காருவது? மலை அழகு என்கிறார்கள். வேலையில்லாதவனுக்கு இந்த ஊரில் உட்கார இடம் கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் டீ குடித்தாக வேண்டும். ஏரிக்கரையில் குளிர் எலும்பைப் பிடிக்கும். பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் சொந்தக்காரன், மீதிப் பேர் தெரிந்தவன். எதையும் வாங்கச் சொல்லாமல், என்ன சோலியாக வந்தாய் என்று கேட்காமல் எனக்கு நாற்காலி கொடுத்த இடம் அந்த நூலகம் ஒன்றுதான்.

எதிர்ப்பக்கம் நீங்கள். கோட்டு, தொப்பி, மேஜைமேல் கடைச் சாவிக்கொத்து. பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிற பாய் பொழுது போகாமல் படிக்க வருகிறார் என்று நினைத்தேன். வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது. அங்கே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துத்தான் எல்லோரும் படிப்போம். வேலை விளம்பரம் வரும் நடுத்தாளுக்குத்தான் போட்டி. "நடுத்தாள் முடிஞ்சுதாங்க?" என்று நீங்கள் கை நீட்டியதுதான் நம் முதல் பேச்சு. கடைச் சாவி வைத்திருப்பவருக்கு நடுத்தாள் எதற்கு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மதியம் நூலகத்தைச் சாத்துவார்கள். ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போய்விட, நீங்களும் நானும் மட்டும் வாசலில் நின்றோம். நான் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். நீங்கள் குடையை விரித்தீர்கள், மடக்கினீர்கள்.

"உங்களாலயும் வீட்டுக்குப் போக முடியாதாங்க?" என்றீர்கள்.

நான் டிபன் பாக்ஸைத் திறந்து உங்கள் பக்கம் நீட்டினேன். கடையைக் காலி செய்தாகிவிட்டது, வீட்டுக்கும் மச்சினன்மாருக்கும் தெரியாது, உபயோகமில்லாத சாவியைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள்.

நடுத்தாளில் நமக்கு ஒன்றும் இல்லாத நாளில் அலமாரிப் பக்கம் போவோம். பழனிக்கு இறங்கினாலே வளைவுகளில் வாந்தி எடுக்கிற நீங்கள், கப்பல் பயணப் புத்தகங்களாகவே எடுத்தீர்கள். நடுக்கடலில் மாட்டிக்கொண்டவன் கதையைப் படித்துவிட்டு, "நமக்குக் காலடியில தரையாவது கெடக்கு" என்று கிசுகிசுப்பீர்கள். நூலகர் மேடம் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். அங்கே இருக்கிற வரைக்கும் நாம் வேலையில்லாதவர்கள் இல்லை, படிக்க வந்தவர்கள்.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். நூலகத்துக்கு விடுமுறை. உங்களுக்குப் பள்ளிவாசல் இருந்தது. என் கோயிலோ ஞாயிற்றுக்கிழமைக் கோயில். பஜாருக்கும் ஏரிக்கும் நடுவே பைத்தியக்காரனாட்டம் நடந்துகொண்டிருந்தேன். அது தெரிந்ததும், "வெளி வராண்டாவுல ஒக்காருங்க, அங்கன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று கூட்டிக்கொண்டு போனீர்கள். நீங்கள் தொழப் போவீர்கள். நான் உங்கள் குடைக்குக் காவல்.

அங்கேதான் ஸ்டெல்லாவிடம் மாட்டினேன். சாமான் வாங்க பஜாருக்கு வந்தவள், செருப்புகளுக்கு நடுவே புருசன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். டூட்டிக்குப் போகவில்லையா என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்துத் தொழுகை முடிந்து நீங்கள் வந்தீர்கள். உங்கள் பின்னால் பஜாரே வந்தது, உங்கள் மச்சினன்மார் உட்பட. நீங்கள் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

"தங்கச்சி, ஹோட்டல சாத்திட்டாங்க. நானும் கடையக் காலி பண்ணிட்டேன். ரெண்டு பேரும் தெனமும் லைப்ரரில ஒக்காந்து வேலதான் தேடுறோம். இவரக் கோவிச்சுக்காதீங்க" என்றீர்கள், எல்லோர் காதிலும் விழும்படி.

அத்தனை நாள் ஒளித்து வைத்ததை எனக்காக ஒரே மூச்சில் போட்டு உடைத்தீர்களே, ஏன் பாய்? அன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டெல்லா டிபன் பாக்ஸை என் முன்னால் டக்கென்று வைத்தாள். "பாய்க்கும் சேத்து வச்சிருக்கேன். வெரசா கெளம்புங்க. வீட்ல மூஞ்சியத் தொங்கப் போட்டு ஒக்காந்தீங்கன்னா அண்ணனுக்குப் போன் போட்டுருவேன்" என்றாள்.

காட்டேஜ் காவல் வேலையை நடுத்தாளில் கண்டுபிடித்து என் பக்கம் தள்ளியது நீங்கள்தான். நீங்களே அதற்குப் போயிருக்கலாம். நெஞ்சுச்சளி முற்றி உங்களைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனபோது நான் அந்த டூட்டியில் இருந்தேன். நீங்கள் தவறிவிட்ட சேதி வந்ததும் அந்த வளைவுகளை நினைத்துத்தான் எனக்கு முதலில் அழுகை வந்தது.

இப்போது காட்டேஜையும் சாத்திவிட்டார்கள். மறுபடி அதே நாற்காலி, அதே மச்சான் பயம். உங்கள் இடத்தில் காலேஜ் முடித்த ஒரு பெண் உட்காருகிறாள். போனில் தேடி அலுத்துப்போய் நடுத்தாளுக்கு வருகிறாள். நான் படித்து முடிக்காவிட்டாலும் கொடுத்துவிடுகிறேன்.

இன்றைக்கு மழை வெறித்ததும் கால் தானாகப் பள்ளிவாசலுக்குப் போனது. தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும் வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். கேட்டைச் சாத்த வந்தவர், "யாருக்குங்க காத்துக்கிட்டிருக்கீங்க?" என்றார். அங்கே யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றீர்களே பாய், கேட்டுவிட்டார்.

"பாய் உள்ள இருக்காரு. வந்துருவாரு" என்றேன்.

அவர் வாசலைப் பார்த்தார். ஒரு ஜோடிச் செருப்புதான் கிடந்தது, என்னுடையது. "சரி, ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்தாமலே போனார்.