கடலில் இறங்கிய சைக்கிள்

ஹாலந்து, 6 மே 1945

அன்புள்ள எல்ஸ்பெத்துக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? யாரும் நம்பாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன்.

போன ஜூனில் நார்மண்டிக் கரையில் இறக்கியபோது ஆளுக்கொரு சைக்கிளை எங்கள் தலையில் கட்டினார்கள். கழுத்தளவு தண்ணீர், வானத்தையே மறைக்கும் குண்டுமழை. சார்ஜென்ட் டூசெட் கத்தினார்: “யோவ் ஹெக்டர், நீ செத்தாலும் பரவாயில்ல, சைக்கிள் நனையக் கூடாது.”

“அப்ப அதையே முன்னால போகச் சொல்லுங்க சார்ஜென்ட்.”

அந்தச் சனியனை ஓட்டியதைவிடச் சுமந்ததுதான் அதிகம். பதினொரு மாதம், நாற்பதாயிரம் பஞ்சர். நேற்று ஜெர்மன் படை சரணடைந்தது. துப்பாக்கியை ஒப்படைக்க வந்த மேஜர் என் சைக்கிளைப் பார்த்து, “இதத் தூக்கிட்டா கடல்ல இறங்குனீங்க? இந்தப் பைத்தியங்கள எப்படிய்யா ஜெயிக்கிறது?” என்று அழுதேவிட்டார்.

கப்பல் கிடைத்து, கனடாவில் நம் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம் வந்து சேர்வதற்குள் குளிர்காலம் வந்துவிடுமாம். உன் கையால் ஒரு ஜோடி கையுறை பின்னி வை. இடது கைக்கு மூன்று விரல் போதும். பதறாதே, ஆறிவிட்டது. லாரி கிளம்புகிறது, முடிக்கிறேன். மற்றதில் எவ்வளவு புளுகு என்று உனக்கே தெரியும். கையுறை விஷயம் மட்டும் நிஜம்.

உன் ஹெக்டர்