ஹால்வருக்கு நான் சொன்ன பதில்

அன்பு மகள் சிக்னேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். அம்மாவின் இடுப்பு ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, ஒரு கைத்தடியை விட்டாயிற்று, இன்னொன்றையும் விட்டுவிடுவேன் என்று டாக்டரிடமே சண்டை போடுகிறாள். படி ஏறாதே என்று சொன்னால் கேட்பதில்லை, நான் கடைக்குப் போன நேரம் பார்த்து மாடிக்குப் போய் ஜன்னல் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஈஸ்டருக்கு முன்பே பனி உருகி வாசல் எல்லாம் சேறு. கூரையில் இரண்டு ஓடு பெயர்ந்துவிட்டது, அதை நானே ஏறி மாற்றினேன், நீ திட்டுவாய் என்பதால் இப்போதுதான் சொல்கிறேன்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சிரித்து மழுப்பி, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும், அம்மாவும் பிறகு என்னைக் கடிந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் உன்னை எக்ஸ்ரே பிரிவுக்குத் தலைமையாகப் போடப்போகிறார்கள், அதற்கு முன் ஒரு பயிற்சி, அதில் உன்னை நன்றாக அறிந்த மூன்று பேரிடம் உன் பலம் என்ன பலவீனம் என்ன என்று எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள், அப்பா நீங்க ஒண்ணு எழுதுங்க, ஒளிக்காம எழுதுங்க என்றாய். நான் சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை சிக்னே. அந்தக் கேள்வியை உனக்கு முன்னால் இதே வீட்டில் ஒருவன் என்னிடம் கேட்டான், உன் ஹால்வர் சித்தப்பா. அவனுக்கு நான் சொன்ன பதில் என்ன செய்தது என்பதை உன்னிடம் சொல்லாமல் உனக்கு ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை.

சித்தப்பா நம் ஃபெரிக் கப்பலில் துணை கேப்டனாக எத்தனை வருஷமாக இருக்கிறான் என்பது உனக்கே தெரியும், நீ பள்ளிக்கூடத்துக்கு அக்கரை போகும்போதே அவன்தான் கயிறு கட்டிக்கொண்டிருப்பான். போன இலையுதிர் காலத்தில் பழைய கேப்டன் மாக்னே ஓய்வு பெற்றார். கேப்டனுக்கான பரீட்சை எல்லாம் சித்தப்பா எப்போதோ எழுதி முடித்தவன், மற்ற மாலுமிகளும் அவன்தான் வருவான் என்று நினைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை நான் கொட்டகையில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது வந்தான். பிளந்த கட்டைகளை அடுக்கினான். பிறகு, அண்ணே, கம்பெனிக்காரங்க கூப்பிட்டு உன் பலம் என்ன பலவீனம் என்னன்னு கேப்பாங்களாம், நான் என்ன சொல்றது, நீ சொல்லு, எனக்கு இது வருமா என்றான். நான் கோடாரியைக் கீழே வைக்கக்கூட இல்லை. வேலை உனக்கு அத்துப்படிடா, அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது, ஆனா கேப்டன்னா நாலு பேர அதட்டணும், மைக்கப் பிடிச்சு ஒரு கப்பல் ஜனத்துக்குச் சொல்லணும், உனக்கு ஒரு கடையில போயி மீதிச் சில்லறை கேக்கவே வாய் வராதே என்றேன். அவன் சிரித்தான். ஆமா அண்ணே, சரிதான் என்றான். மிச்ச விறகையும் அடுக்கிவிட்டு, உள்ளே வந்து அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். விண்ணப்பம் போடவில்லை.

நான் அதை மனதில் கெட்ட எண்ணம் வைத்துச் சொல்லவில்லை சிக்னே. அவனுக்குப் பதினாலு வயதில் சர்ச்சில் எல்லார் முன்னாலும் ஒரு பக்கம் படிக்க நிறுத்தினார்கள். வாய் அடைத்துப்போய் அப்படியே நின்றான், காதெல்லாம் சிவந்துவிட்டது, நான்தான் எழுந்துபோய் அவன் கையிலிருந்து வாங்கிப் படித்து முடித்தேன். அதிலிருந்து அவனுக்குப் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் நானே பேசிவிடுவது வழக்கமாகிவிட்டது. பல் டாக்டருக்குப் போன் செய்வது நான், அவன் படகு வாங்கியபோது பேரம் பேசியது நான், அவன் கல்யாணத்தில் அவன் சொல்ல வேண்டிய நன்றியைச் சொன்னதும் நான். அது அண்ணன் கடமை என்றுதான் நினைத்திருந்தேன். சாலைத் துறையில் பனி வாரும் வண்டி ஓட்டியே என் காலம் போய்விட்டது, தண்ணீரில் அவன் எப்படி வேலை செய்கிறான் என்று நின்று பார்த்தவன் இல்லை நான். ஃபெரியில் போனால் மேலே போய் ஒரு வாஃபிள் வாங்கிக்கொண்டு பேப்பர் படிப்பேன், அவ்வளவுதான்.

அந்த இடத்துக்குத் தெற்கேயிருந்து ட்ரூடே என்று ஒரு பெண்ணைப் போட்டார்கள். உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். நல்லவள், வேலையும் தெரிந்தவள், அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கேயே வீடு வாங்கிவிட்டாள், குழந்தைகள் நம் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். சித்தப்பா ஓய்வு பெறும்வரை அந்த இடம் இனிக் காலியாகாது.

பிப்ரவரியில் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர அக்கரைக்குப் போனேன். நல்ல காற்று, ஆலங்கட்டியும் மழையுமாக அடித்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் கீழே கார்கள் நிற்கும் தளத்தில் ஒரு ரொட்டி வண்டியிலிருந்து புகை கிளம்பிவிட்டது. மணி அடித்தது, மேல் கூடத்திலேயே எல்லாருக்கும் நாற்றம் வந்துவிட்டது. ஜனங்கள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனார்கள், ஒருத்தியின் நாய் காரில் இருந்தது, ஒரு மரலாரிக்காரன், மலை மாதிரி ஆள், என் லாரிய நான் எடுக்கணும் வழிய விடு என்று முட்டிக்கொண்டிருந்தான். படிக்கட்டு வாசலில் நின்றது உன் சித்தப்பா. எனக்குப் பயம் வந்தது, தீயைப் பார்த்து இல்லை, இவன் இத்தனை பேர் முன்னால் வாய் அடைத்து நிற்பானே என்று. பழக்கம் விடவில்லை, அவனுக்காகப் பேச நான் எழுந்து முன்னால் போனேன். அவன் என்னைப் பார்த்தான். ஒட்முண்ட், போய் உக்காரு என்றான். பிறந்ததிலிருந்து அண்ணே என்று கூப்பிட்ட வாய், முதல் தடவையாக என் பெயரைச் சொன்னது. குரலை உயர்த்தவில்லை, கோபமும் இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு மைக்கை எடுத்தான். நம் வீட்டில் பேசுவானே, அதே மெதுவான குரல்தான். அவன் மெதுவாகப் பேசியதாலேயே என்ன சொல்கிறான் என்று கேட்க ஜனங்கள் பேச்சை நிறுத்தினார்கள். கீழ ஒரு வண்டியில புகை வருது, மேலேயிருந்து தண்ணிய தொறந்து விட்டாச்சு, எங்க ஆளுங்க அங்க இருக்காங்க, யாரும் கீழ போகக் கூடாது, பக்கத்துல இருக்கறவங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி விடுங்க, அடுத்து என்னன்னு நான் வந்து சொல்றேன் என்றான். அந்த லாரிக்காரனிடம் போய், உங்க லாரிய நான் பாத்துக்கறேன், இந்த அம்மாவ நீங்க பாத்துக்கணும், இவங்களால நிக்க முடியாது என்று சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணி பக்கத்தில் அவனை நிறுத்தினான். அந்தத் தடியன் முட்டி போட்டு அந்தப் பெண்மணிக்கு ஜாக்கெட் வார் மாட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நாய்க்காரியிடம் என்ன நிறம் நாய், என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டு கீழே போனான், கொஞ்ச நேரத்தில் நனைந்த நாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். சொன்னபடி ஒவ்வொரு தடவையும் மேலே வந்து என்ன நடக்கிறது என்று சொன்னான். ட்ரூடே மேலே சுக்கான் அறையில் நின்று புகை ஜனங்கள் பக்கம் வராதபடி கப்பலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கரை சேர்வதற்குள் தீ அணைந்துவிட்டது. ஒரு இளம் மாலுமிக்குக் கையில் கொஞ்சம் சுட்டது, வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

தீயணைப்பு வண்டி வந்து எல்லாம் பார்த்து முடிக்கும்வரை நாங்கள் கரையில் நின்றோம். ட்ரூடே இறங்கி வந்து, நீங்கதானே ஹால்வரோட அண்ணன் என்று கை கொடுத்தாள். நான் கேப்டனா வந்த முதல் வாரமே அவர்கிட்ட கேட்டேன், இந்த வேலைக்கு நீங்க ஏன் போடலன்னு, எங்க அண்ணனுக்கு என்னைப் பத்தி என்னவிட நல்லாத் தெரியும், அவர் வராதுன்னார், அதான் போடலன்னு சொன்னார் என்றாள். இந்தக் காலத்துல அண்ணன் தம்பி இப்படி ஒத்துமையா இருக்கறது பெரிய விஷயம் என்று வேறு சொன்னாள். அவள் மெச்சித்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன் ஆன பக்கத்துக் காலை நீட்டிக்கொண்டு கேட்டு வந்தவள், நம் திருப்பம் வரும்போது, அவன் பதினாலு வயசுல நின்ன எடத்துலயே நீ இன்னும் அவன நிறுத்தி வச்சிருக்க ஒட்முண்ட் என்றாள்.

மறுநாள் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். படகுக் கொட்டகையில் மீன் கழுவிக்கொண்டிருந்தான். முந்தின நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி, காட் மீன் நெறைய விழுந்துச்சு அண்ணே, அண்ணிக்குக் கொண்டு போ என்றான். நான் சொன்னது தப்புடா, நீ வேலை செய்யறத நான் பாத்ததே இல்ல, பாக்காமலே சொல்லிட்டேன் என்றேன். அவன் கத்தியை விடாமல், அட விடு அண்ணே, ட்ரூடே நல்ல பொண்ணு, எனக்கும் இதுல நிம்மதிதான் என்றான். நான் விடவில்லை, நீ என்கிட்ட கேக்காம போட்டிருக்கலாமேடா என்றேன். அப்போதுதான் கையை நிறுத்தினான். நீ சொன்னதுதான் நானும் என்னைப் பத்தி நெனச்சிருந்தது, அத நீ இல்லடான்னு சொல்லுவேன்னு எதிர்பாத்துதான் வந்து கேட்டேன் என்றான். பிறகு மீனைத் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தான்.

அவன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான், அம்மாவுடன் சீட்டு ஆடுகிறான், ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கம்பெனிக்கு எழுதலாமா என்று கேட்டேன், நடந்ததைச் சொல்லி வேறு வழித்தடத்தில் இடம் கேட்கலாம் என்று. இனி வீட்டை விட்டுப் போய் என்ன செய்யப்போகிறேன், வேண்டாம் அண்ணே என்றுவிட்டான். இந்தத் தடவை அவனுக்காக நான் பேசவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் கேட்டவுடனே என் மனதில் வரிசையாக வந்துவிட்டது, சிக்னேவுக்கு அவசரம் அதிகம், கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே போடுவாள், ஆரம்பித்ததைப் பாதியில் விடுவாள், பயந்தால் வாய் அதிகமாகும் என்று. எழுத உட்கார்ந்த பிறகு யோசித்தேன், இதெல்லாம் நீ இந்த வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதற்கு முன்னால் உள்ள சிக்னே. அங்கே பயந்து வரும் நோயாளியிடம் நீ என்ன பேசுகிறாய், உனக்குக் கீழே இருப்பவர் தப்பு செய்தால் எப்படிச் சொல்கிறாய், நாள் முழுதும் நின்று களைத்த பிறகு உன் முகம் எப்படி இருக்கும், ஒன்றும் எனக்குத் தெரியாது. நீ வேலை செய்து நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

அதனால் உன் பயிற்சிக்காரர்களிடம் மூன்றாவது ஆளாக என்னைப் போடாதே. உன்னோடு நிற்பவர்களிடம் கேள், உன்னை அவ்வளவாகப் பிடிக்காத ஒருவர் இருந்தால் அவரிடமும் கேள். அவர்கள் சொல்வது வலித்தால் இரண்டு நாள் வைத்திருந்து பார், உண்மையாக இருந்தால் திருத்திக்கொள், இல்லையென்றால் தூக்கிப் போடு. ஆனால் யார் என்ன சொன்னாலும், நான் சொன்னாலும், அதைக் காரணமாக வைத்து அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. என்னிடம் நீ கேட்டபோது உன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, நான் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அது கேட்டிருக்கிறது. உனக்கு வரும் சிக்னே. பார்க்காமல்தான் இதையும் சொல்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்.

அம்மாவின் கால் நன்றாக ஆனதும் நவம்பரில் அங்கே வரலாம் என்று இருக்கிறோம். வந்தால் கடற்கரைக்கு எல்லாம் அழைத்துப் போக வேண்டாம், ஒரு நாள் உன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, ஓர் ஓரமாக இருந்து பார்க்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் கை கூடி, மனம் நிறைந்து இருக்க வேண்டும். அம்மா தனியாகக் காலுறை பின்னி அனுப்புகிறாள், அந்த ஊர் வெயிலுக்கு எதற்கு என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை சித்தப்பாவுக்குப் பிறந்த நாள், மறக்காமல் போன் செய். கப்பலில் அன்றைக்கு என்ன நடந்தது என்று அவனையே சொல்லச் சொல். அவன் வார்த்தை தேடி நின்றாலும் நீ எடுத்துக் கொடுக்காதே, காத்திரு, அவனே சொல்வான்.

என்றும் உன் நினைவாக,
உன் அப்பா
ஒட்முண்ட்