திறக்க என்று எழுதாத ஓலை

நீர் வற்றாதிருக்க, நெல் பொய்யாதிருக்க. மஞ்சாற்று நாடுடையார் பெருநற்கோ மாவிளங்கனார், தம் ஆட்சியின் பதினோராம் ஆண்டு தைத் திங்கள் ஐந்தாம் நாள், அரண்மனைக் கிணற்றடியில் நின்று சொல்ல, திருமுக எழுத்தன் பூதன் அரங்கன் எழுதிய ஓலை. எட்டுத் திங்கள் முற்றுகையில் ஒரு கல்லும் பெயரவிடாத கரும்பாறைக் கோட்டைத் தலைவர் எயினங்கொற்றனார் காண்க. தங்களுக்கும், கோட்டையுள் உயிரோடிருக்கும் இருநூற்றுப் பன்னிருவருக்கும் நலம் உண்டாகுக. அடியேன் 'அனைவருக்கும்' என்றுதான் எழுதினேன். மன்னர் அதை அடித்து, எண்ணைப் போடச் சொன்னார்.

சென்ற திங்கள் தங்கள் கோட்டை மருத்துவச்சி சாத்தியார் பெருங்கதவில் உள்ள சிறு திட்டிவாசல் வழியே வெளியேறி, ஒன்பது நாள் நடந்து அவைக்கு வந்தார். பகைவர் அகன்று பதினான்கு திங்கள் ஆகியும் பெருங்கதவு திறக்கவில்லை என்றும், காலை முரசு ஊமையாகவே கிடக்கிறது என்றும் சொன்னார். மக்கள் தொட்டியில் தேங்கிய நீரைக் குடித்து, வெயில் ஏறியபின் எழுந்து, ஒருவேளை மட்டும் மக்கிய அரிசியை உண்டு, குளிப்பதையே மறந்துவிட்டார்கள் என்றும், முற்றுகை முடிந்தபின் முப்பத்தொருவர் நோயில் மாண்டார்கள் என்றும் சொன்னார். மன்னருக்குக் கோபம் தலைக்கேறியது. வெற்றிவிழா ஓலை கோட்டைக்கு வரவில்லையா என்று கேட்டார்.

"வந்துச்சு மகாராசா," என்றார் அந்த அம்மையார். "மகிழ்கன்னு இருந்துச்சு. திறக்கன்னு இல்லையே."

முற்றுகைத் தொடக்கத்தில் கோட்டைக்கு அனுப்பிய பழைய ஓலையின் படியை மன்னர் எடுத்துவரச் சொன்னார். 'மறு ஓலை வரும்வரை கதவு அடைத்திருக்க, முரசு ஒலியாதிருக்க, குளியல் நிறுத்துக' என்று அதில் இருந்தது. எழுதிய கை அடியேனுடையது. பதினாறு ஊர்களுக்கு விருந்து ஓலை அனுப்பிய அரண்மனையில் அந்த ஒரு மறு ஓலை ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. கொற்றனார் நம் சொல்லைக் காத்தார், நாம் கொற்றனாரை மறந்தோம், அந்த முப்பத்தொருவரும் நம் மறதியால் மாண்டவர்கள் என்று மன்னர் சொன்னார். அரசர் இப்படி எழுதலாகாது என்று அமைச்சர்கள் தடுத்தும், ஒரு சொல்லும் குறையாமல் எழுதச் சொன்னார். இறந்தவர்களில் தங்கள் துணைவியாரும் ஒருவர் என்பதைச் சாத்தியார் கடைசியில்தான் சொன்னார். அன்று முதல் மன்னர் தங்கள் பெயரைத் தலைநிமிர்ந்து சொன்னதில்லை.

முதலில் பதினெட்டுக் கட்டளைகளோடு ஓர் ஓலை எழுதினோம். விடியுமுன் கண்விழித்தல், எண்ணெய் முழுக்கு, கீரை, நடை என்று அது நீண்டது. அனுப்புமுன் நானே செய்து பார்க்கிறேன் என்று மன்னர் தொடங்கினார். மூன்றாம் நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கிவிட்டார்.

"நோவு நொடி இல்லாத உங்களுக்கே முடியலை. கால் நடக்கவே மறந்துபோன சனம் பதினெட்டையும் செய்யுமா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அதை விடாம சொல்லுங்க," என்றார் சாத்தியார். அந்த ஓலையை மன்னரே கிழித்தார்.

ஆகவே ஒரே கட்டளை. விடியலில் காவல் மாறுவதை மட்டும் தங்கள் கோட்டை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று அறிந்தோம். இனிக் காவல் மாறும்போதே முரசும் ஒலிக்க. கதவு திறந்து, அவரவர் குடத்தோடு வெளிச்சுனைக்குப் போய், குளித்து, குடிக்கும் நீரை மொண்டு வருக. நடக்க இயலாதவர் வாசல்வரை வந்தாலும் போதும். ஒருநாள் தவறியவரை ஒறுக்க வேண்டாம். மறுநாள் முரசு அவருக்கும்தான் ஒலிக்கிறது. இது ஊன்றியபின் உணவையும் பிறவற்றையும், இவ்வோலையோடு திரும்பும் சாத்தியார் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்.

அதே பொழுதில் மன்னரும் இக்கிணற்றில் தம் கையால் நீர் இறைப்பார். தவறும் நாளெல்லாம் அதைச் சிற்றோலையில் எழுதித் தங்களுக்கு அனுப்ப அடியேனுக்குக் கட்டளை. இப்போதே இறைக்கத் தொடங்கிவிட்டார்; அதற்குள் தவறிய இரு நாளுக்கான சிற்றோலைகள் இரண்டு இத்துடன் வருகின்றன.

நாரை முத்திரையை மன்னரே பதித்தார். அது கோணலாக விழுந்தது. அப்படியே இருக்கட்டும் என்றார். 'மறு ஓலை வரும்வரை' என்ற சொல் இனி இந்நாட்டின் எந்த ஓலையிலும் வராது. இதற்குப்பின் ஓர் ஓலைக்காகவும் தாங்கள் காத்திருக்க வேண்டாம். படித்து முடித்ததும் இதைக் கீழே வைத்துவிட்டு, கதவைத் திறக்க.