கூடாரத்தில் எல்லோரும் எழுந்து நின்றது

கில்மோரன்,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்பு மகள் கிரானியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் தோள்பட்டை நீங்கலாக எல்லாம் சுகம், ஆஸ்திரேலியாவில் நீயும் சுகமாக இருந்து உன் இருமலும் போயிருக்கும் என்று நம்புகிறேன். மழை வழக்கம்போல. முக்கியமான செய்தி, இந்தத் தடவை ஊர் இசைவிழாவில் உன் அப்பா மேடையில் பேசினார். மறுபடி படிக்க வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷம் மேடையில் பிடில் வாசித்தவர் அடுத்தது என்ன பாட்டு என்றுகூடச் சொன்னதில்லை, எங்கள் கல்யாணத்தில் பாதிரியார் சம்மதமா என்று கேட்டதற்கே தலையைத்தான் ஆட்டினார்.

எல்லாம் ஹனாதியால் வந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பாலஸ்தீனப் பெண், அப்பாவின் தோளை நீவி நீவி மறுபடி பிடில் வில்லைப் பிடிக்க வைத்தவள். அவளுடைய சித்தப்பா ஜவ்தத் காசாவில் இசை வாத்தியார், ஊத் என்று ஒரு தந்தி வாத்தியம் சொல்லிக்கொடுத்தவர், பள்ளிக்கூடமும் போய் வீடும் போய் இப்போது குடும்பத்தோடு ஒரு கூடாரத்தில் இருக்கிறார். தோளை அமுக்கிக்கொண்டே அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த அப்பா டீயைத் தொடவில்லை. நோரீன், மத்த ஊர்ப் பாட்டுக்காரங்க எல்லாம் மேடையில இதைச் சொல்றாங்க, நாங்க மட்டும் வாயில உருளைக்கிழங்கையா வச்சிருக்கோம் என்றார். மறுநாளே அவரோடு வாசிக்கிற புல்லாங்குழல் பேக்கியும் அக்கார்டியன் டெர்வ்லாவும் நம் சமையலறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், என்ன பேசுவது என்று முடிவுசெய்ய. இங்கிலீஷ்காரன் நம் தேசத்தைப் பட்டினி போட்ட அந்தக் காலப் பஞ்சத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பேக்கி நின்றான். நீ பஞ்சத்துல ஆரம்பிச்சா கேக்கிறவங்க பசியில போய்ச் சேந்துருவாங்க என்றாள் டெர்வ்லா. கடைசியில் இரண்டே வரி என்று முடிவாயிற்று. பேக்கி பேசினால் நிறுத்தமாட்டான், டெர்வ்லா பேசினால் அழுதுவிடுவாள், ஆகையால் உன் அப்பா தலையில் விழுந்தது.

இது எப்படியோ விழாத் தலைவரான உன் மாமா ஃபின்டன் காதுக்குப் போய், மழையோடு மழையாக வந்து நின்றான். மச்சான், வாசிங்க, விடிய விடிய வாசிங்க, வாயை மட்டும் தெறக்காதீங்க, விழாவுக்குக் கூடாரம் குடுக்கிற ஆளுக்கு இதெல்லாம் ஆகாது, அடுத்த வருஷம் குடுக்கலேன்னா ஊரே நனையும் என்றான். டெர்வ்லா அவனை ஏற இறங்கப் பார்த்து, காசாவுல அந்த மனுஷன் குடியிருக்கிறதே கூடாரத்துலதான் ஃபின்டன், நீ விழாவுக்குக் கூடாரம் போயிடும்னு அழறே என்றாள். அவன் என் கேக்கில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான். அதுவரை நான் தம்பி பக்கம்தான், விழாவில் டீ என் பொறுப்பு அல்லவா. டெர்வ்லாவின் அந்த வார்த்தைக்குப் பிறகு கேக் தட்டை அவன் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தேன்.

அப்பா அந்த இரண்டு வரியையும் வேலிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற மாடுகளிடம் சொல்லிப் பழகினார். செவலைக் கிடாரி பாதியிலேயே எழுந்து போய்விட்டது என்று மனம் விட்டுப்போனார். விழா அன்றைக்குக் கூடாரம் கொள்ளாத கூட்டம். எழுந்து மைக்கைப் பிடித்து “நாங்க” என்றார், அவ்வளவுதான், உன் மாமா ஓரத்தில் நின்று சுவிட்சைத் தட்டி மைக்கை அணைத்துவிட்டான். இவருக்கு அது தெரியவே இல்லை, மைக்கில் பேசிப் பழக்கம் இருந்தால்தானே தெரியும். பாவமன்னிப்புக் கேட்கிற குரலிலேயே, நாங்க பாலஸ்தீன மக்களோட நிக்கிறோம், பிள்ளைங்களைக் கொல்றதை நிறுத்துங்க என்று சொல்லி முடித்தார். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. பின்னாலிருந்து என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு என்று ஒரே சத்தம். கறிக்கடை மாலக்கி திரும்பி, பாலஸ்தீன மக்களோட நிக்கிறாங்களாம் என்றான். அடுத்த வரிசையில் அது பாலஸ்தீன மக்களுக்காக நிக்கச் சொல்றாரு என்று ஆகி, கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது எல்லாரும் நிக்கணுமாம் என்று ஆகிவிட்டது. கடைசி வரிசை எழுந்தது. நாற்காலிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர்கள் தாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் நன்றாயிருக்காது என்று எழுந்தார்கள். உன் மாமா தேசிய கீதம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றான். நான் டீ கெட்டிலோடு நின்றேன். கூடாரத்தின் மேல் மழை விழுகிற சத்தம் மட்டும். முன்வரிசையில் ஹனாதி ஒருத்திதான் எழ முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் பிடிலை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

பத்திரிகையில் போட்டோ வந்தது, நட்டநடுவில் தொப்பியும் கையுமாக உன் மாமா. கூடாரக்காரர் அவனுக்குப் போன் போட்டுக் கத்தினார். அக்கா, தேசிய கீதம்னு நெனச்சேன்னு சொன்னா ஊர் சிரிக்கும் என்று என்னிடம் முனகிவிட்டு, போனில் ஆமா நின்னேன், இன்னொரு தடவையும் நிப்பேன் என்றான். இப்போது அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். கூடாரம் போனது போனதுதான், அடுத்த வருஷம் பேக்கியின் மாட்டுக்கொட்டகையில் நடத்தலாம் என்று பேச்சு.

விழாவில் யாரோ எடுத்த வீடியோவை ஹனாதி சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள். யாருக்கு இரங்கல் என்று அவர் கேட்டாராம். உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க சித்தப்பா என்றாளாம். அதற்கு அவர், அவங்களுக்கு என் நன்றியைச் சொல்லு, அந்தப் பிடில்காரர்கிட்ட ரெண்டாவது தந்தி சுருதி இறங்கியிருக்குன்னும் சொல்லு என்றாராம். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, சரியாத்தான் சொல்லியிருக்காரு என்று சுருதி கூட்டி, மறுபடி வாசித்துப் பதிந்து, இப்போ எப்படி என்று கேட்டு, வீட்டுப் போன் நம்பரையும் சேர்த்து ஹனாதி மூலம் அவருக்கு அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

புனித பிரிஜிட் உனக்குத் துணையிருக்கட்டும், வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, இருமலுக்கு டாக்டரைப் பார். அடுத்த வாரம் மாமாவுக்குப் பிறந்தநாள், கூப்பிட்டு வாழ்த்து, தேசிய கீதம் விஷயம் உனக்குத் தெரியாது. இங்கே நீ போன் செய்யும்போது அப்பா முதல் மணியிலேயே எடுத்து, உன் குரல் என்று தெரிந்ததும் ஒரு நொடி பேசாமல் இருந்தால் வருத்தப்படாதே. வேறொரு குரலுக்காகக் காத்திருக்கிறார்.

முத்தங்களோடும் ஆசிகளோடும்,
உன் அம்மா நோரீன்