பாறையை உடைத்துப் பாறைப் படம் போட்ட டைல்ஸ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் சௌக்கியமாத்தான் இருக்கோம், அவருக்கு முழங்கால் வலி குறைஞ்சிருக்கு, வாய் மட்டும் குறையலை. நீ எப்படி இருக்கே, நேரத்துக்குச் சாப்பிடுறியா, இல்ல வரையுற மேஜையிலேயே கவுந்து கிடக்கிறியா.

நம்ம ஊர் மேட்டுச் சரிவுல கட்டப்போற இளைஞர் மையத்துக்கு நீ அனுப்பின பிளானை வியாழக்கிழமை குழுவுல வெச்சோம். நம்ம குழுதான் தெரியுமே, பத்து பேர், பத்து பேருக்கும் சேத்து மூளை ஒண்ணே ஒண்ணு, அதுவும் அன்னிக்கு லீவு. சரிவை வெட்டாம, அந்தப் பெரிய பாறையையே ஹாலுக்குப் பின்சுவரா வெச்சு, கூரையில புல் வளத்து, மேட்டோட மேடா இருக்கட்டும்னு நீ வரைஞ்சிருந்தே. தலைவர் கண்ணாடியை மாட்டி ரொம்ப நேரம் பாத்துட்டு, ரோட்டுலேருந்து கட்டடமே தெரியலையே, தெரியாததை எதுக்குக் கட்டணும்னார். அந்த மனுஷன் டைல்ஸ் கடைக்காரர், வெறும் சுவரைக் கண்டாலே கை அரிக்கும். பாறையை உடைச்சுத் தரையைச் சமமாக்கிடலாம், முகப்புல பாறைப் படம் போட்ட டைல்ஸ் ஒட்டினா இயற்கையோட இணைஞ்ச மாதிரியும் ஆச்சு, துடைக்கவும் சுலபம்னார். சிரிக்காதே, நிஜமாவே சொன்னார். பக்கத்துல இன்ஜினியர், தலையாட்டுறதுக்குன்னே பொறந்த ஜென்மம், நல்லா ஆட்டினார். சாயங்காலமானா இருபது முப்பது பிள்ளைங்க அந்தப் பாறை மேலதான் உக்காந்து படிக்குதுங்க, வாயடிக்குதுங்க, சண்டை போட்டு ராசியாகுதுங்க. அதுங்களுக்காகத்தான் மையமே, அதுங்களை ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை.

வெக்கக்கேட்டை எழுதாம விட்டா சோறு இறங்காது. பாறையை உடைக்கச் சம்மதம்னா கை தூக்கச் சொன்னப்ப நானும் தூக்கிட்டேன். "சொந்தப் பொண்ணு போட்ட பிளானாச்சே, செயலாளரம்மா விட்டுக் குடுப்பாங்களா"ன்னு தலைவர் பல்லை இளிச்சார், அந்த ஒரு சொல்லுக்கு ரோஷம் வந்து, நான் அப்படிப்பட்டவ இல்லைன்னு காட்டக் கையைத் தூக்கினேன். பத்துக்குப் பத்து. உனக்காகப் பேச அங்க இருந்தது நான் ஒருத்திதான், நானே கவுத்துட்டேன். மத்ததுங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, ஆனா திட்டாம இருக்கவும் முடியலை.

திருத்தின பிளான் உன் கையெழுத்துக்கு வரும். நீ போட்டாத்தான் அவங்க பாறை மேல மிஷினை ஏத்த முடியும். போடாதே. ஊர்ல என்னைக் கரிச்சுக் கொட்டுவாங்க, கொட்டட்டும், எனக்கு வேணும்.

உடம்பைப் பாத்துக்கோ, வெறும் காப்பியைக் குடிச்சே பொழுதை ஓட்டாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், மனசு நெறைஞ்சு சொல்றேன். ஒண்ணு மட்டும் மறந்துடாதே. அடுத்த மாசக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் என்னை உனக்கு போன் போட வெப்பாங்க. அத்தனை முகத்துக்கு நேரா எனக்கு மறுத்துப் பேச வராது, கையெழுத்துப் போட்டுடு கண்ணுன்னு குழைவேன். என் பேச்சைக் கேக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா