உன் குதிகால் சத்தம்

என் முனிராஜ் அண்ணாவுக்கு,

நீ உயிரைக் கொடுத்த நிலத்தடிப் படம் வந்துவிட்டது. உன்னோடு வேலை பார்த்த சேலத்து மேடம் பாகலூருக்கே கொண்டுவந்து நம் கட்டிலில் விரித்துக் காட்டினார். வடக்கே மலைகளுக்கு நடுவில் நீ வேலைக்குப் போன அந்த ஊருக்கு அடியில், இரண்டு பக்கமும் பாறை பிளந்து நடுப்பாகம் இறங்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் ஆழமாக வண்டலும் மணலும். நிலநடுக்கம் வந்தால் பாறைமேல் இருக்கிற ஊரைவிட அந்த ஊர் அதிகமாகக் குலுங்குமாம். அந்த ஆழத்தை அறியத்தான் அதிர்வுக் கருவிகளைச் சுமந்து போய் மண்ணில் ஊன்றினாய். அதில் ஒன்றைப் பார்த்துவர மழையில் போன உன்மேல்தான் மலை சரிந்தது.

"ஊர்க்காரங்க இதைப் பார்த்தாங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"பார்த்தாங்க. இன்னும் மாடிமேல மாடி கட்டிட்டுத்தான் இருக்காங்க."

அடப்பாவிகளா! இதற்காகவா நீ போனாய்?

அம்மா படத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "இதுல எம்புள்ள எங்க மேடம்?"

மேடம் தயங்கினார். "முனிராஜ் நடந்த சத்தமெல்லாம் கருவியில பதிஞ்சிருக்கும்மா. அதைக் கழிச்சாத்தான் பூமியோட அதிர்வு தெரியும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கருவிகிட்ட மெதுவா நடங்கன்னு. கேக்கவே மாட்டார்."

எப்படிக் கேட்பாய்? கேழ்வரகுக் கொல்லையில் பாம்பு ஒதுங்கட்டும் என்று குதிகாலை ஓங்கி மிதித்தே பழகியவன். வீட்டுக்குள்ளும் அப்படித்தானே வருவாய்? "மாடு வந்துடுச்சு, தண்ணி காட்டுங்க" என்று நான் கத்துவேன். நீ என் சடையை இழுப்பாய்.

அம்மா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கழிச்சதைக் குடுங்க. எனக்கு அது போதும்."

போன வாரம் அது என் போனுக்கு வந்தது. சரிவுக்குத் தப்பிய ஒரு கருவியில் பதிந்த உன் கடைசி நாள். காதுக்குக் கேட்கிற மாதிரி மாற்றி அனுப்பியிருந்தார். ஓசூரில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது கேட்டேன். நீதான் அண்ணா, சத்தியமாக நீயேதான். தொம் தொம் என்று நம் வாசலுக்கு வருகிற அதே நடை. பிறகு ஓடுகிறாய். பிறகு மலையே இறங்குகிற இரைச்சல். அதற்குள் உன் காலைத் தேடித் தேடிக் கேட்டேன். இல்லை.

மேடத்தைக் கூப்பிட்டேன். "கடைசியை வெட்டித் தரட்டுமா? அவர் நடக்கிறதை மட்டும் அம்மா கேக்கட்டும்" என்றார். வெட்டலாம். ஆனால் சத்தம் நின்றதும் அம்மா என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். "அப்புறம் எங்க போனான்?"

நேற்றும் கேட்டாள். "வந்துச்சா பாப்பா?"

"இன்னும் இல்லம்மா."

"அவன் எப்பவுமே லேட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தாள்.

நான் செய்வது சரியா, தப்பா? தெரியவில்லை. போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எரிச்சலாக வருகிறது. எதுவும் சரியாகவில்லை, ஆகப்போவதும் இல்லை. உனக்கு ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அந்தச் சத்தம் அம்மா காதுக்குப் போகாது. அவளுக்கு நீ இன்னும் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டே இரு. நீ ஓடியதை நான் வைத்துக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மஞ்சுளா